செயலியின் மதகு

நுழையும்முன்

கணினி பழுதானால் அதன் உறுப்பு ஒன்று தேய்ந்துவிட்டது என்றோ, நச்சுநிரல் புகுந்துவிட்டது என்றோ எண்ணுவது நம் வழக்கம். உறுப்பில் குறையில்லை, நச்சுநிரலும் புகவில்லை, ஆயினும் கணினிக்குள் எழுதிவைக்கப்பட்ட கட்டளையே அதன் உயிர்நிலையான செயலியை நாள்தோறும் சிறிது சிறிதாகச் சிதைத்தது. அண்மைக் காலத்தில் உண்மையாகவே நிகழ்ந்த இந்நோயின் காரணத்தையும், அதற்குத் தரப்பட்ட மருந்தையும், அம்மருந்தால் இயலாததையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கடைமடையில் ஒரு காட்சி

கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியில், கொள்ளிடத்தின் வடபுறத்தில் அமைந்த நெல்வயல் சூழ்ந்த வட்டாரம் குமராட்சி. கொள்ளிடத்தில் வரும் நீர் கீழணையில் தடுக்கப்பட்டு, வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கும், வடக்கு ராஜன் வாய்க்காலின் வழியே காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிகளின் வயல்களுக்கும் செல்கிறது. ஆறு வேறு, வாய்க்கால் வேறு, வயல் வேறு. ஆற்றின் வெள்ளத்தை அப்படியே வயலுக்குள் விட்டால் பயிர் நிற்காது. அதனால்தான் ஒவ்வோர் இடத்திலும் மதகு உண்டு. மதகைத் திறந்து மூட லஸ்கர் என்று ஊரார் அழைக்கும் பணியாளரும் உண்டு.

நடவுப் பருவத்தில் வாய்க்கால் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பலரும் ஒரே நேரத்தில் மடை திறந்தால் வாய்க்காலின் நீர்மட்டம் தாழ்ந்துவிடும். கடைமடைக்கு நீர் ஏறாது. எல்லாரும் மடையை அடைத்துவிட்டால் மட்டம் சட்டென்று உயரும். கரையில் எங்கே மெலிவு இருக்கிறதோ அங்கே உடைப்பு எடுக்கும். ஆகவே நீரைக் காப்பவருக்குக் கவலை இரண்டு. மடைகள் திறந்திருக்கும்போது மட்டம் மிகவும் தாழ்ந்துவிடக் கூடாது; அடைபட்டிருக்கும்போது மிகவும் உயர்ந்துவிடக் கூடாது. வீராணம் ஏரிக்கு 47.50 அடி என்று முழுக் கொள்ளளவு மட்டம் வகுக்கப்பட்டிருப்பதும், அந்த அளவை அன்றாடம் நோக்குவதும் இதன்பொருட்டே.

இக்காட்சியை மனத்தில் இருத்திக்கொண்டால் கணினியின் மின்னழுத்தச் சிக்கலில் பாதி விளங்கிவிடும். மின்னழுத்தம் என்னும் சொல்லிலேயே அழுத்தம் இருக்கிறது. நீர்மட்டம் நீரைத் தள்ளுவதுபோல மின்னழுத்தம் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது.

தாய்ப்பலகையின் மடைகள்

நம் வீட்டு மின்னிணைப்பில் வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கணினிப் பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கி அதனை 12 வோல்ட் நேர்திசை மின்சாரமாக்குகிறது. செயலிக்கு அதுவும் மிகுதி. இன்றைய மேசைக்கணினிச் செயலியின் உள்ளே இருக்கும் பலகோடி டிரான்சிஸ்டர்கள் ஏறத்தாழ ஒரு வோல்ட் அளவிலேயே இயங்குகின்றன. விரைந்து இயங்க வேண்டிய பொழுதில் 1.3, 1.4 வோல்ட் என்று சற்றே ஏறும். 12 வோல்ட்டை இவ்வளவு தாழ்ந்த அளவுக்குக் கொண்டுவருவது தாய்ப்பலகையின் பணி. செயலியைச் சுற்றிச் சதுரச் சதுரமாக நிற்கும் மின்சுருள்களையும், உருளை வடிவ மின்தேக்கிகளையும், வெப்பம் தணிக்கும் உலோகப் பட்டைகளையும் பார்த்திருப்பீர்கள். அவையெல்லாம் சேர்ந்ததே மின்னழுத்தச் சீராக்கி. செயலியின் மதகு என்று நாம் சொல்வது இதனைத்தான்.

இந்த மதகு சுமக்கும் பாரம் சிறிதன்று. ஒரு செயலி 1.25 வோல்ட்டில் 250 வாட் திறனை எடுத்துக்கொள்கிறது எனக் கொள்வோம். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். விடை 200 ஆம்பியர். நம் வீட்டுக் கூரையில் சுழலும் 75 வாட் மின்விசிறி எடுப்பது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஆம்பியர்தான். கைக்குட்டையளவுகூட இல்லாத ஓர் இடத்துக்குள் அறுநூறு மின்விசிறிகளின் மின்னோட்டம் பாய்கிறது என்றால், அதனை அடக்கி ஆள்வது எவ்வளவு நுட்பமான வேலை என்பது புரியும்.

வாய்க்காலில் கண்ட ஏற்றத்தாழ்வு இங்கும் உண்டு. செயலியின் எல்லாக் கருவகங்களும் ஒருசேர உழைக்கும்போது மின்னழுத்தம் சிறிது தாழ்கிறது. அவை திடீரென்று ஓய்ந்தால் மின்னழுத்தம் ஒரு கணம் எகிறுகிறது. அந்தக் கணம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கலாம். ஆனால் ஒரு நொடிக்குள் நூறு கோடிக்கணக்கான துடிப்புகளில் இயங்கும் செயலிக்கு அது நெடும்பொழுது.

மின்னழுத்தம் கூடினால் என்ன கெடும்? முதலில் வெப்பம். செயலி எடுத்துக்கொள்ளும் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. 1.25 வோல்ட்டை 1.5 ஆக உயர்த்தினால் மின்னழுத்தம் கூடியது ஐந்தில் ஒரு பங்கே. ஆனால் அதே துடிப்பு வேகத்தில் திறன் 44 விழுக்காடு கூடிவிடும். அடுத்தது மூப்பு. டிரான்சிஸ்டர்களில் மின்காப்பாக இருக்கும் படலம் சில அணுக்களின் தடிப்பே கொண்டது. மிகுந்த அழுத்தமும் வெப்பமும் அப்படலத்தில் மெல்ல மெல்லக் குறைகளை உண்டாக்குகின்றன. எல்லாச் செயலிக்கும் மூப்பு உண்டு. பத்து, பதினைந்து ஆண்டுகளில் வரவேண்டியது சில மாதங்களில் வந்தால் அதுதான் நோய்.

வன்பொருளும் அன்று, மென்பொருளும் அன்று

மதகுக்கு லஸ்கர் இருப்பதுபோல இந்தச் சீராக்கிக்கும் ஆணையிடுவார் வேண்டும். ஆணையிடுவது செயலியே. 'இந்த வேகத்தில் ஓடப்போகிறேன். எனக்கு இவ்வளவு வோல்ட் தருக' என்று அது சீராக்கியிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு நொடிக்குள் பன்முறை இந்தக் கோரிக்கை எழுகிறது. எந்த வேகத்துக்கு எவ்வளவு கேட்க வேண்டும் என்னும் கணக்கு, செயலிக்குள் இயங்கும் நுண்நிரலில் எழுதப்பட்டுள்ளது. எந்த எல்லைவரை கேட்கலாம், எவ்வளவு திறன் எடுக்கலாம் என்னும் வரம்புகள் தாய்ப்பலகையில் உள்ள நிலைபொருளில் எழுதப்பட்டுள்ளன.

நிலைபொருள் என்பது அழகிய சொல்லாக்கம். கையால் தொடத்தக்கது வன்பொருள்; எளிதில் எழுதி அழிக்கத்தக்கது மென்பொருள்; இரண்டுக்கும் இடையே, ஒரு சிப்பில் நிலையாகப் பதிந்து கிடந்து, தேவைப்படின் மாற்றவும் இடந்தருவது நிலைபொருள். ஆங்கிலத்தில் இதற்குரிய சொல்லை 1967ஆம் ஆண்டில் ஆஷர் ஆப்ளர் என்பவர் ஆக்கினார். தாய்ப்பலகையின் நிலைபொருளைப் பழைய பெயரால் பயாஸ் என்று இன்றும் வழங்குகிறோம். இப்போதுள்ள கணினிகளில் இருப்பது அதன் வழிவந்த யுஇஎஃப்ஐ என்னும் அமைப்பு. ஆயினும் கடைத்தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருமுறை விளக்க வேண்டியிருக்கும் என்பதால் நாமும் பயாஸ் என்றே சொல்வோம். கணினியின் பொத்தானை அழுத்தியவுடன், விண்டோஸோ லினக்ஸோ விழிப்பதற்கு முன்பே விழித்துக்கொள்வது இது. செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றை எழுப்பி, சரிபார்த்து, பின்னரே இயக்க அமைப்பிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது.

நுண்நிரல் இன்னும் ஒரு படி ஆழத்தில் இருப்பது. செயலியின் ஒரு கட்டளையைப் பல சிறு படிகளாகப் பிரித்து நடத்தும் இக்கருத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் 1951இல் முன்வைத்தார். இன்றைய செயலிகளில் நுண்நிரலுக்குத் திருத்தம் தர முடியும். ஆனால் ஒரு புதுமை: அத்திருத்தம் செயலிக்குள் நிலைத்துப் பதிவதில்லை. மின்சாரம் நின்றால் மறைந்துவிடும். கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் பயாஸ்தான் அதனைச் செயலிக்குள் மீண்டும் ஏற்றுகிறது. ஆகையால், செயலியின் நுண்நிரலைத் திருத்த விரும்புபவர் தாய்ப்பலகையின் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. செயலியைச் செய்தவர் ஒருவர், தாய்ப்பலகையைச் செய்தவர் மற்றொருவர்; மருந்து ஒருவரிடம், அதனை ஊட்டும் கை மற்றொருவரிடம்.

தெரிந்து தெளிவோம்

1994ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் செயலி சில வகுத்தல் கணக்குகளில் பிழையான விடை தந்ததை அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டறிந்தார். அச்செயலியின் பிழையை நிரல் திருத்தத்தால் நீக்க வழியில்லை. வேண்டியவர்க்கெல்லாம் புதிய செயலி மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது, அதற்காக 47.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. அதனை அடுத்து 1995இல் வந்த பென்டியம் புரோ செயலியில், நுண்நிரலைப் பின்னர்த் திருத்திக்கொள்ளும் வசதி இருந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

2022ஆம் ஆண்டு அக்டோபரில் இன்டெல் தன் பதின்மூன்றாம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளை வெளியிட்டது. ஓராண்டு கழித்து, 2023 அக்டோபரில், அவற்றையே சற்று விரைவாக்கிய பதினான்காம் தலைமுறை வந்தது. இவற்றுள் உயர்ந்ததான ஐ9-14900கே, 24 கருவகங்களைக் கொண்டது; ஒரு நொடிக்கு 600 கோடித் துடிப்பு, அதாவது 6 கிகாகெர்ட்ஸ் வேகத்தைத் தொடக்கூடியது. வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன.

பின்னர்க் கணினிகள் காரணமின்றி நிற்கத் தொடங்கின. விளையாட்டுகள் தொடக்கத்திலேயே முறிந்தன, நீலத்திரை தோன்றியது. இதில் பெரிய வேடிக்கை, திரையில் தோன்றிய பிழைச்செய்தி. 'காணொளி நினைவகம் போதவில்லை' என்று அது அறிவித்தது. படித்தவர்கள் வரைகலை அட்டையின் மீது ஐயங்கொண்டார்கள். அதில் நினைவகம் தாராளமாக இருந்தது. சிலர் அட்டையையே மாற்றிப் பார்த்தார்கள். சிலர் விளையாட்டை எழுதிய நிறுவனத்தை ஏசினார்கள். பிழை நீங்கவில்லை.

உண்மையின் நுனியைப் பிடித்தவர்கள், கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் நிரலை எழுதும் ராட் கேம் டூல்ஸ் நிறுவனத்தார். சுருக்கப்பட்ட தரவை விரிப்பது செயலியின் எல்லாக் கருவகங்களையும் கசக்கிப் பிழியும் வேலை. அதில் ஒரே ஒரு பிட் தவறினாலும் விரித்த தரவு பொருந்தாது. நிரல் உடனே கண்டுகொள்ளும். தங்கள் நிரலில் பிழையில்லை, மேற்சொன்ன செயலிகளே சில வேளைகளில் தவறாகக் கணக்கிடுகின்றன என்று அவர்கள் எடுத்துரைத்தனர். வேறு பல நிரல்களில் இதே தவறு நிகழ்ந்திருந்தால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கக்கூடும். தவறாகக் கணக்கிட்டும் நிற்காமல் ஓடும் கணினி, நின்றுவிடும் கணினியைவிடக் கொடியது என்பது என் கருத்து.

குமராட்சி போன்ற ஓர் ஊரில் இத்தகைய செயலியுடன் ஒரு கணினி மையம் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள். சான்றிதழ்களைப் பதிவேற்றும் நேரத்தில் கணினி நிற்கிறது. பழுது பார்ப்பவர் நினைவகத்தை மாற்றுவார், அடுத்து வட்டு, அடுத்து மின்வழங்கி. விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவுவார். ஒவ்வொன்றுக்கும் செலவு. இறுதியில், 'இந்த ஊரின் மின்சாரமே சரியில்லை' என்ற தீர்ப்புடன் போய்விடுவார். நம் ஊர்களில் எல்லா மின்சாதனக் குற்றங்களுக்கும் இறுதியில் பழி சுமப்பது மின்வாரியந்தானே! இம்முறை மின்னழுத்தம் கெட்டது உண்மைதான். ஆனால் கெட்டது 230 வோல்ட் அன்று, கடைசி ஒன்றரை வோல்ட்.

கேட்டதே பிழை

முதலில் ஐயத்துக்கு உள்ளானவை தாய்ப்பலகைகள். ஐ9-14900கே செயலிக்கு இன்டெல் வகுத்த உச்ச அளவு 253 வாட். போட்டியில் முந்த விரும்பிய தாய்ப்பலகை நிறுவனங்கள் பல, தம் பயாஸில் அந்த எல்லையை நாலாயிரம் வாட்டுக்கு மேல் என்று எழுதிவைத்திருந்தன. நாலாயிரம் வாட்டை எந்தச் செயலியும் எடுக்காது. 'எல்லையே இல்லை' என்பதைத்தான் அந்த எண் வேறு விதமாகச் சொல்கிறது. பயனர் எதையும் தொடாமலே, கடையிலிருந்து வந்த நிலையிலேயே, கணினி வரம்பு மீறி ஓடியது. 2024இல் இன்டெல், தாய்ப்பலகை நிறுவனங்களிடம் தன் இயல்பு வரம்புகளையே தொடக்க அமைப்பாக வைக்குமாறு வலியுறுத்தியது. ஆனால் வரம்பைப் பேணிய தாய்ப்பலகைகளிலும் செயலிகள் நலிந்தன. ஆகவே காரணம் இன்னும் ஆழத்தில் இருந்தது.

2024 ஜூலை 22 அன்று இன்டெல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது: செயலியின் நுண்நிரலில் உள்ள ஒரு கணக்கு, தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்கிறது. மதகு உடையவில்லை, கேட்ட அளவைச் சரியாகவே தந்தது. கேட்டதே பிழை.

அவ்வாண்டு செப்டம்பரில் முழு விளக்கம் வந்தது. செயலியின் எல்லா உறுப்புகளும் ஒரே தாளத்தில் இயங்க, கடிகாரத் துடிப்பைக் கிளைகிளையாகப் பரப்பும் சுற்று ஒன்று கருவகத்துக்குள் உண்டு. மிகுந்த மின்னழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் எளிதில் ஆட்பட்டு முதலில் மூப்படைந்தது அச்சுற்றே. சிதம்பரத்தில் நாட்டியம் பயிலும் மாணவர் பத்துப் பேர் ஒரு தாளத்துக்கு ஆடுவதாகக் கொள்ளுங்கள். ஆடுவோர் கால்களில் குறையில்லை; தாளம் தட்டுபவரின் கை தளர்ந்து, தட்டுக்கும் எடுப்புக்கும் இடையிலான அளவு மாறினால், பத்துப் பேரும் தடுமாறுவர். செயலியிலும் நிகழ்ந்தது அதுவே. துடிப்பின் மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் இடையிலான கால அளவு நகர்ந்தது. பழைய மின்னழுத்தத்தில் ஓடிய செயலி அதே வேகத்தில் தடுமாறாமல் ஓட இப்போது கூடுதல் மின்னழுத்தத்தை நாடியது. தூர்ந்துபோன வாய்க்காலில் கடைமடைக்கு நீர் ஏற, தலைப்பில் மட்டத்தை உயர்த்த வேண்டியிருப்பதைப் போன்றது இது. மிகக் குறைந்த தேவை மின்னழுத்தம் மேல்நோக்கி நகர்வதால் இதனை 'வீமின் நகர்வு' என்று குறிப்பிட்டனர்.

இங்கே நாம் எதிர்பாராத ஒன்று உண்டு. செயலி கடுமையாக உழைக்கும்போதுதான் அது தேயும் என்று நினைப்போம். இச்சிக்கலிலோ ஓய்வும் எளிய வேலையும் கூடத் தீங்கு செய்தன. 24 கருவகங்களும் உழைக்கும்போது வெப்ப வரம்பு குறுக்கிட்டு வேகத்தைக் குறைத்துவிடும். மின்னழுத்தமும் தாழ்ந்தே நிற்கும். ஒரே ஒரு கருவகம் சிறிய வேலை ஒன்றைச் செய்யும்போதுதான் அது தன் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. அதற்கு உச்ச மின்னழுத்தம் கேட்கிறது. மடைகளெல்லாம் அடைபட்ட வாய்க்காலின் நிலைமை அது.

திருத்தங்கள் ஒரே தவணையில் வரவில்லை. 2024 ஜூனில் வந்த முதல் திருத்தம், வெப்பம் மிகுந்திருந்தும் வேகத்தை உயர்த்திய ஒரு கணக்கைச் சரிசெய்தது. ஆகஸ்டில் வந்த, பதினறும எண்முறையில் 129 என்னும் அடையாளம் கொண்ட திருத்தம், 1.55 வோல்ட்டுக்கு மேல் செயலி கேட்கவே இயலாதபடி தடுத்தது. வீராணத்துக்கு வகுத்த 47.50 அடியைப் போல இது ஒரு மேல்வரம்பு. செப்டம்பரில் வந்த 12பி, முந்தைய இரண்டையும் உள்ளடக்கி, ஓய்வு நேரத்துக் கோரிக்கைகளையும் அடக்கியது. 2025 மே மாதத்தில் 12எஃப் வந்தது. பல நாள்கள் நிறுத்தாமல் எளிய பணிகளில் ஓடிக்கொண்டே இருக்கும் கணினிகளுக்கு அது உரியது.

இவையெல்லாம் மேசைக்கணினிச் செயலிகளைப் பற்றியவை. மடிக்கணினிச் செயலிகள் இச்சிக்கலுக்கு உட்படவில்லை என்று இன்டெல் தெரிவித்தது. அரசு வழங்கிய மடிக்கணினியை வைத்திருக்கும் மாணவர்கள் கவலை கொள்ள வேண்டுவதில்லை.

மின்னழுத்தப் பிழை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. 2023 ஏப்ரலில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசைச் செயலிகள் சில, தாய்ப்பலகையின் பொருத்துவாயோடு சேர்ந்து கருகிய படங்கள் வெளிவந்தன. அங்கு மிகுந்தது செயலியின் மற்றொரு பகுதிக்குச் செல்லும் மின்னழுத்தம். அதனை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் தடுக்கும் புதிய பயாஸ்களைத் தாய்ப்பலகை நிறுவனங்கள் வெளியிட்டன. கருகிய செயலி கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே தீர்வு சில வாரங்களில் வந்தது. மெல்ல நலிந்த செயலிக்குக் காரணம் காணவே மாதங்கள் பல ஆயின.

புதுப்பிக்கும் முறை

'நன்றாக ஓடும் கணினியின் பயாஸைத் தொடாதே' என்பது பழுது பார்ப்போர் வழிவழியாகச் சொல்லும் அறிவுரை. அதில் பொருள் உண்டு. பயாஸ் பதிந்திருக்கும் சிப்பின் கொள்ளளவு பெரும்பாலும் 16 அல்லது 32 மெகாபைட்தான். புதியதை எழுத வேண்டுமானால் பழையதை அழிக்க வேண்டும். அழித்து முடித்து, எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் நின்றால், கணினிக்கு விழிக்கவே தெரியாமல் போகும். 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல் பல நாடுகளில் இதைத்தான் வேண்டுமென்றே செய்தது. பயாஸை அழித்துக் கணினிகளை வெறும் பெட்டிகளாக்கியது. ஆனால் மேற்கண்ட செயலிகளைப் பொறுத்தவரை அப்பழைய அறிவுரை பொருந்தாது. நன்றாக ஓடுகிறது என்று நாம் நினைக்கும் நாள்களில்தான் தேய்மானம் நடந்தது. தடுமாற்றம் வெளியே தெரிந்த நாளில் காலம் கடந்திருந்தது.

முதலில், புதுப்பிக்க வேண்டுமா என்பதை அறிய வேண்டும். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்னும் பகுதியைத் திறந்தால் செயலியின் பெயர், தாய்ப்பலகையின் பெயர், பயாஸின் பதிப்பு, அதன் நாள் ஆகியவை தெரியும். தாய்ப்பலகையைச் செய்த நிறுவனத்தின் வலைத்தளத்தில் அதே மாதிரிக்கு உரிய பக்கத்தில், ஒவ்வொரு பதிப்பும் எதைத் திருத்துகிறது என்று குறித்திருப்பார்கள். மாதிரிப் பெயரில் ஓர் எழுத்து வேறானாலும் அது வேறு பலகை. பிற தளங்களில் கிடைக்கும் கோப்புகளை நாடுதல் ஆகாது. பழைய கணினியில் எல்லாம் செம்மையாக இருந்து, புதிய பதிப்பில் நமக்கு உரிய திருத்தம் எதுவும் இல்லையெனில், பழைய அறிவுரைக்கே திரும்பலாம்.

வட்டு, பிட்லாக்கர் என்னும் பூட்டால் காக்கப்பட்டிருந்தால், அதன் மீட்புத் திறவெண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது முதல் வேலை. பயாஸ் மாறியதும் கணினி தன் உரிமையாளரையே ஐயுற்று அத்திறவெண்ணைக் கேட்கக்கூடும். தரவிறக்கிய கோப்பை விரித்து, ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் இடவேண்டும். கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கும்போது 'டெலீட்' அல்லது 'எஃப்2' விசையை அழுத்தினால் பயாஸ் திரை தோன்றும். முன்பு நாம் மாற்றிய அமைப்புகள் இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். புதுப்பித்த பின் அவை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பின்னர் அத்திரையில் உள்ள புதுப்பிக்கும் வசதியைத் தேர்ந்து, பென் டிரைவிலுள்ள கோப்பைச் சுட்ட வேண்டும். சில நிமிடங்களில் எழுதி முடியும். இடையில் திரை அணைந்து கணினி தானாக ஒன்றிரண்டு முறை விழித்தெழலாம். பதறிப் பொத்தானை அழுத்தலாகாது.

மின்சாரம் பற்றி இரண்டு சொல். வடகிழக்குப் பருவமழை முனைப்பாக இருக்கும் நாளில், அதுவும் நம் கடலோர மாவட்டத்தில், யு.பி.எஸ். இல்லாமல் இவ்வேலையைத் தொடங்குவது கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் நாளில் நாற்று நடுவதற்கு ஒப்பு. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் கடலூரைத் தாக்கியபோது பல நாள்கள் மின்சாரமின்றி இருந்ததை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. அவ்வளவு வேண்டாம், இரண்டு நொடி மின்தடையே இங்குப் போதும். யு.பி.எஸ். இருந்தாலும் அதன் மின்கலம் பத்து நிமிடம் தாங்குகிறதா என்று முன்பே சோதித்துக்கொள்வது நல்லது. ஒருமுறை நான் சோதிக்காமல் தொடங்கி, எழுதி முடிந்த மறுகணம் மின்கலம் ஓலமிட்டதைக் கேட்டிருக்கிறேன். சில தாய்ப்பலகைகளில், எழுதுவது தவறிப்போனாலும் பென் டிரைவிலிருந்து மீண்டும் எழுதிக்கொள்ளத் தனிப் பொத்தான் உண்டு; சிலவற்றில் மாற்றுக்கு இரண்டாவது சிப்பே உண்டு. நம் பலகையில் அவை உள்ளனவா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

எழுதி முடிந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. பயாஸ் திரைக்கு மீண்டும் சென்று, செயலிக்கான வரம்பு 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' என்னும் இயல்பு நிலையில் உள்ளதா என்று காண வேண்டும். நாலாயிரம் வாட் மீண்டும் அங்கே உட்கார்ந்திருந்தால் அதனை மாற்ற வேண்டும். பழைய படத்தைப் பார்த்துப் பழைய மின்னழுத்த அமைப்புகளை அப்படியே திரும்ப இடுவது, அடைத்த மடையை மறுபடி வெட்டிவிடும் செயல்.

புதுப்பித்த பிறகும் கணினி தடுமாறினால் என்ன செய்வது? நுண்நிரல் இனி வரும் தேய்மானத்தைத் தடுக்கும். வந்துவிட்ட தேய்மானத்தை ஆற்றாது. உடைப்பை அடைத்துவிட்டால் மேலும் நீர் புகாது; அழுகிய நாற்று எழாது. இன்டெல் இதனை வெளிப்படையாகவே கூறியது. அதனால் இச்செயலிகளுக்கு இருந்த உத்தரவாதக் காலத்தை 2024 ஆகஸ்டில் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. பெட்டியோடு தனியே வாங்கிய செயலிகளுக்கு மூன்று ஆண்டுகளாக இருந்தது ஐந்து ஆயிற்று. முழுக் கணினியாக வாங்கியவர்கள் விற்றவரை அணுக வேண்டும். செயலியின் வரிசை எண்ணும், வாங்கிய நாள் பொறித்த விலைச்சீட்டும் அதற்குத் தேவைப்படும். விலைச்சீட்டின் எழுத்துகள் நம் ஊர் வெப்பத்தில் ஓரிரு ஆண்டுகளில் மங்கிவிடுவதால், வாங்கிய அன்றே அதனைப் படமெடுத்து வைப்பது நலம்.